மாலை விமானத்தில் ஓர் இருக்கை காலி

அத்தியாயம் பதினொன்று

வானத்தில் போனால் நாற்பது நிமிடம். இந்த நாற்பது நிமிடத்தை வைத்துத்தான் சென்ற வாரம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை பங்கு போடப்பட்டது.

துறைமுக நகரத்துக்கும் ஆலை நகரத்துக்கும் நடுவே ஒரு மலைத்தொடர் குறுக்கே படுத்திருக்கிறது. சாலை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஐந்து மணி நேரம். விமானமோ அதைத் தாண்டிக் குதிக்கிறது. செயற்கைக் கால் செய்து பொருத்தும் தொழிலில் பத்தாண்டு தேர்ந்த மருமகளுக்கு, ஆலை நகரத்துப் பெரிய மருத்துவமனையின் கால் பட்டறைத் தலைமைப் பொறுப்பு தேடி வந்தது. வீட்டில் எழுந்த முதல் கேள்வி, அவள் எவ்வளவு தேர்ந்தவள் என்பதா? எவ்வளவு தூரம் என்பது!

ஆண் ஊர் மாறினால் அதற்கு மாற்றல் என்று பெயர். மூட்டை முடிச்சோடு குடும்பமே பின்னால் போகும். பெண் ஊர் மாறினால் அதற்கு என்ன பெயர் என்று அந்த மேசையில் எவருக்கும் தெரியவில்லை. ஆகவே அவள் ஊரே மாறாதபடி ஒரு வழி கண்டார்கள்.

"தினமும் போயிட்டு வந்துடு. நாப்பது நிமிஷம்தானே? டிராபிக்ல நான் ஆபீஸ் போறதுக்கே அதைவிட ஆகுது. டிக்கெட்டும் ஆஸ்பத்திரியே எடுத்துத் தருது. முன்னாடி இருந்தவருக்கும் தந்திருக்காங்க" என்றான் மகன். அவன் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளன். ஏறுவதும் இறங்குவதும் அவனைப் பொறுத்தவரை பொத்தானை அமுக்குகிற வேலை.

மாமியார் மட்டும், "ஒரு நாள் போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம். நானும் கூட வரேன்" என்றார்.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊராருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்து, நேரம் ஆனதும் நடுவில் புகுந்து "முடிச்சாச்சா?" என்று கேட்டுப் பழகிய குரல். வீட்டிலும் எவர் பேச்சு நீண்டாலும் அதே கேள்விதான். மகனும் மருமகளும் அவருக்கு இரகசியமாக வைத்திருந்த பெயர் 'எக்ஸ்சேஞ்ச்'. அது அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஒரு நாள் இன்று விடிந்தது. இல்லை, விடியவில்லை, விடிவதற்கு வெகுமுன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டாயிற்று.

டாக்சி, நுழைவாயில் வரிசை, பை சோதிக்கும் வரிசை, பெல்ட்டைக் கழற்றி மாட்டும் வரிசை, பேருந்தில் ஏறி விமானத்தடியில் இறங்கும் வரிசை. மாமியார் முதல் முறையாக விமானம் ஏறுகிறார். ஒவ்வொரு வரிசையிலும் அவர் கேட்டது ஒன்றே.

"இது அந்த நாப்பது நிமிஷத்துல சேத்தியா?"

"இல்ல அத்தை. அது சக்கரம் தரையை விட்டதுக்கு அப்புறம்."

"அப்போ இவ்வளவு நேரம் நாம நின்னதுக்கு யாரு கணக்கு?"

மருமகள் சிரித்தாள்.

விமானம் எழும்பியது. மாமியார் மருமகளின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். பணிப்பெண் நடைவழியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போனாள்; கடைசி வரிசைக்குப் போனவள், திரும்பும்போதே காலிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டு வந்தாள். ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட்ட விமானம் அது. கீழே மலை, ஈரத்துணியைப் பிழிந்து போட்டாற்போல மடிந்து கிடந்தது.

ஆலை நகரம் தெரிந்தது. புகைபோக்கிகள், தகரக் கூரைகள், நெடிய வெள்ளைக் கட்டடம் ஒன்று.

"அதோ, அதுதான் அத்தை ஆஸ்பத்திரி."

"அட, பக்கத்துலயே இருக்கே!"

சற்று நேரத்தில் அதே புகைபோக்கி மறுபடி வந்தது. அதே வெள்ளைக் கட்டடம் மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் வந்தபோது மாமியாருக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏம்மா, இந்த ஊர்ல எல்லாத்துலயும் மூணு மூணு கட்டி வெச்சிருக்காங்களா?"

"சுத்திட்டு இருக்கோம் அத்தை. கீழே ஓடுபாதை காலியா இல்லையாம்."

"லைன் பிஸியா?"

"ஆமா."

"சொல்லித் தொலையவேண்டியதுதானே! வரிசையில காத்திருக்கீங்கன்னு. நாங்க சொல்லுவோம்."

கண்ணுக்குத் தெரிகிற இடம். காலுக்கு எட்டாத இடம். அந்த வெள்ளைக் கட்டடத்தை மருமகள் சன்னலோரம் நெற்றியை வைத்துப் பார்த்தபடியே இருந்தாள். அவள் முகத்தை மாமியார் பார்த்தார். ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் பார்த்த முகம்தான். அதில் இப்படியொரு பசி இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

மருத்துவமனை வாசலை மிதித்தபோது வெயில் ஏறியிருந்தது. வீட்டிலிருந்து காரிலேயே கிளம்பியிருந்தால் ஏறக்குறைய அந்நேரத்துக்கே வந்து சேர்ந்திருக்கலாம். மாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

கண்காணிப்பாளர் அம்மையார் நின்றபடியே பேசும் சுபாவம் உடையவர். "பட்டறையைப் பாத்துக்குங்க. சாயங்காலம் கிளம்பறதுக்குள்ள பதில் வேணும். நாளைக்கு நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டாகணும். இங்கே அத்தனை பேர் கால் இல்லாம காத்துட்டு இருக்காங்க."

கால் பட்டறை ஒரு நீண்ட கூடம். மாவுக்கட்டுச் சாந்தின் ஈர வாடை. ஒரு மேசையில் வெள்ளை அச்சுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. நடுவே, நடை பழகுவதற்கு இடுப்புயரத்தில் இரண்டு இணைகம்பிகள். மருமகள் உள்ளே நுழைந்ததும் கைப்பையை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துபோனாள். கருவிகளைத் தொட்டாள், பிளாஸ்டிக்கை இளக்கும் அடுப்பைத் திறந்து மூடினாள், தரையை உள்ளங்காலால் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்த்தாள்.

கூடத்தின் மூலையில் ஒரு திரைச்சீலை. அதை விலக்கினாள்.

கூரைவரை அலமாரி. அலமாரி நிறையக் கால்கள். ஆணின் கால், பெண்ணின் கால், பள்ளிப் பிள்ளையின் குட்டிக் கால். எல்லாம் முடிந்த வேலைகள், நல்ல வேலைகள். எல்லாவற்றிலும் தூசி.

"இதெல்லாம் யாருது?" என்று அங்கிருந்த உதவியாளரைக் கேட்டாள்.

"திருப்பிக் கொடுத்துட்டுப் போனதுங்க மேடம். வலிக்குதும்பாங்க. வரச்சொல்லிப் பாத்தா சரியாத்தான் இருக்கும். எத்தனை தடவை பாத்தாலும் சரியாத்தான் இருக்கும். கடைசியில வேணாம்னு வெச்சுட்டு ஊன்றுகோலோடயே போயிடுவாங்க."

மருமகள் ஒரு காலை எடுத்தாள். மிச்சமிருக்கும் காலை உள்வாங்கிக்கொள்ளும் அதன் கூட்டுக்குள் கைவிட்டுத் தடவினாள். பிசிறில்லை, பிழையில்லை. "எப்போ வரச்சொல்லிப் பாப்பீங்க?"

"காலையிலதான். ஒன்பது, பத்து மணிக்கு."

"சாயங்காலம்?"

உதவியாளர் விழித்தார். அவருக்குப் பதிலாகக் கம்பிகளின் பக்கமிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"சாயங்காலம் இங்கே யாரு இருப்பா? பழைய சார் நாலு மணி ஆனா விமானத்துக்கு ஓடிருவாரு. துறைமுகத்துல வீடு. தினம் போயிட்டுத் தினம் வருவாரு. நாப்பது நிமிஷம்தானேம்பாரு!"

பேசியவர் பேருந்து நடத்துநராக இருந்த ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஒரு விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நாள் முழுக்க நின்று காட்டினால்தான் டிப்போவில் மறுபடி டிக்கெட் பையைக் கொடுப்பார்கள். மூன்றாவது கால் இது அவருக்கு; முதல் இரண்டும் திரைக்குப் பின்னால் இருந்தன.

"இப்போ வலிக்குதா அக்கா?" என்றாள் மருமகள்.

"இப்போ எங்கே வலிக்குது? காலையில இது என் தங்கச்சி மாதிரி ஒத்துமையா இருக்கும். பொழுது சாய்ஞ்சா நாத்தனார் மாதிரி ஆயிடும். குத்திக்கிட்டே இருக்கும்."

"மாமியார் மாதிரி எப்போ ஆகும்?" என்று மருமகள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"ராத்திரி கழட்டும்போதுதான். சும்மா விடாது!"

கூடமே சிரித்தது. மாமியார் நாற்காலியில் அமர்ந்தவாறு, "லைன்ல மாமியாரும் இருக்கேன். பேசி முடிச்சாச்சா?" என்றார். சிரிப்பு இரட்டிப்பாயிற்று. அப்போதுதான் வந்தவர் யாரென்று நடத்துநருக்குப் புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மருமகள் சிரிப்பை முடித்துக்கொண்டு அவர் முன்னே மண்டியிட்டாள். "அக்கா, இதைப் போட்டுட்டே நீங்க நாள் முழுக்க நடங்க. மார்க்கெட்டுக்குப் போங்க, பஸ்ல நின்னுட்டே போங்க. வலிச்சாலும் கழட்டாதீங்க. தாங்க முடியலன்னா மட்டும் கழட்டுங்க. அஞ்சு மணிக்கு இங்கே வாங்க."

"நீங்க இருப்பீங்களா?"

மாலை விமானம் ஆறு மணிக்கு. நாலரைக்கே கிளம்பியாக வேண்டும்.

"வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனபின் மாமியார் கேட்டார்: "ஏன் சாயங்காலம்?"

"நடக்க நடக்கக் கால் சுருங்கும் அத்தை. காலையில கச்சிதமா இருந்த கூடு சாயங்காலம் தொளதொளன்னு ஆயிடும். கால் உள்ளே இறங்கி எலும்பு போய் இடிக்கும். ராத்திரி தூங்கி எழுந்தா பழையபடி ஆயிடும். அதனால காலையில பாத்தா எல்லாமே சரியாத்தான் தெரியும்."

மாமியார் திரைச்சீலையின் பக்கம் திரும்பினார். அத்தனை கால்கள். அத்தனையும் காலையில் தேறி, மாலையில் தோற்றவை. அந்தப் பழைய அதிகாரி கெட்டவரா? இல்லை. சோம்பேறியா? அதுவும் இல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் இந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நாள்கூடப் பார்க்க முடியாத மனிதர், அவ்வளவுதான். வீடும் வேலையும் கெடாத ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சிய ஏற்பாடு! கெட்டது இரண்டும் அல்ல. நடக்க வேண்டியவர்களின் நடை கெட்டது.

நாலரை மணி ஆயிற்று. டாக்சி வாசலில் நின்றது. மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். மருமகள் எழவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடத்துநர் முன்கூட்டியே வந்துவிட்டார். காலையில் கணீரென்று பேசிய வாய் இப்போது இறுகிக் கிடந்தது. கம்பியைப் பிடித்து நின்றார். நான்கு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மருமகள் அவரை உட்கார வைத்துக் காலைக் கழற்றினாள். எலும்பு முனையில் செக்கச் சிவந்த ஒரு வட்டம். பெருவிரலால் அதன் ஓரத்தை மெல்ல அமுக்கினாள். சிவப்பு மாறவில்லை.

"இதுதான். இத்தனை நாள் யாரும் பாக்காதது இதுதான்" என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு நிமிர்ந்து, "அத்தை, நான் வரல" என்றாள்.

"இன்னிக்கு வரலையா? இல்ல..."

"இன்னிக்கு மட்டும் இல்ல அத்தை. தினமும் போயிட்டு வர்றதா இருந்தா இந்த வேலை எனக்கு வேண்டாம். அப்படிச் செஞ்சா இந்த அலமாரிதான் ரொம்பும். ஏத்துக்கிட்டா இந்த ஊர்ல இருக்கணும். சாயங்காலம் இருக்கணும். ஏத்துக்கப்போறேன். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டு மாமியாரின் முகத்தையே பார்த்தாள். அனுமதிக்காகக் காத்திருக்கும் பார்வை. பல்லாண்டுப் பழக்கத்தில் பெண்ணினத்தின் கண்ணில் படிந்துபோன பார்வை.

மாமியாருக்கு அது சுருக்கென்று தைத்தது.

"என் முகத்தை ஏம்மா பாக்கறே? அங்கே அந்த அம்மா கால் வலிக்குதுன்னு உக்காந்திருக்கு. அதைப் பாரு."

"அத்தை, நீங்க தனியா விமானத்துல..."

"உன் கையைப் புடிச்சு நான் அமுக்கின அமுக்குல உனக்கும் அந்த மாதிரி செவந்திருக்கும். ஒரே நாள்ல ரெண்டாவது தடவை அந்தக் கை தாங்காது. போ, வேலையைப் பாரு. அந்த நின்னுட்டே பேசற அம்மாகிட்டயும் சொல்லிடு."

டாக்சி நகர்ந்தபோது மாமியார் திரும்பிப் பார்த்தார். சன்னல் வழியே, அடுப்பின் செந்நிறத்தில், மருமகள் கூட்டைச் சூடேற்றி உட்புறம் இழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையும் அவள் நிமிரவில்லை.

துறைமுக நகரத்து விமான நிலையத்தில் விளக்குகள் ஏற்றியாயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மகன், தாயைக் கண்டான். தாயின் பின்னால் பார்த்தான். இன்னும் பின்னால் பார்த்தான்.

"அவ எங்கே?"

"வரல."

"விமானத்தை விட்டுட்டாளா? நாளைக்குக் காலையில வர்றாளா?"

"வேலையை ஏத்துக்கிட்டா. அங்கேயே இருக்கப்போறா. முதல்ல வண்டிய எடு, நடுவழியில நின்னு பேச எனக்குக் கால் இல்ல."

வண்டி நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்தும் அவன் சாவியைத் திருப்பவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தார் தாய். 'எங்களைப் பத்தி நினைச்சாளா' என்பான், 'நீங்க ஏன் விட்டீங்க' என்பான். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தார். அவன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கத்தக்கூடாது."

"சொல்லு."

"எங்க கம்பெனிக்கு அந்த ஊர்லயும் கிளை இருக்கு. அவளுக்கு இந்த வேலை வந்த அதே வாரம், அங்கே பொறுப்பெடுத்துப் போறியான்னு கேட்டாங்க. சம்பளமும் கொறையாது. நான் முடியாதுன்னுட்டேன்."

தாய் அவன் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு ஒத்துக்காது, அவங்க இந்த ஊரை விட்டு வரமாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

"இல்ல."

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"அப்போ நாப்பது நிமிஷம், நாப்பது நிமிஷம்னு மேசையில உக்காந்து கணக்குப் போட்டியே, அது என்னடா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னான்: "பொண்டாட்டி வேலைக்காக ஊரை மாத்திக்கிட்டுப் போனான்னு கம்பெனிப் பசங்க பேசுவாங்கம்மா. லிஃப்ட் ஷாஃப்ட்ல தொங்கிக்கிட்டே பேசுவாங்க. நாள் பூராவும் அதுதான் பேச்சா இருக்கும். அதுதான்."

அதுதான்! ஒரு பெண் தன் ஊரை விட்டு, உறவை விட்டு, பெயரின் பாதியைக்கூட விட்டு ஓர் ஆணின் பின்னே வரலாம். அதை உலகம் இயற்கை என்று எழுதிக்கொள்ளும். ஓர் ஆண் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு மாறினால், லிஃப்ட் குழிக்குள் நாலு பேர் சிரித்துவிடுவார்கள். அந்த நாலு பேரின் சிரிப்புக்குப் பயந்து, ஐந்து மணி நேரச் சாலையை நாற்பது நிமிடமாகச் சுருக்கி ஒரு பெண்ணின் தலையில் வைத்தான் அவன். அதற்குத் தாயின் முதுமையையும் சாட்சிக்கு இழுத்துவிட்டான்.

தாய் கத்தவில்லை. கத்துவார் என்று அஞ்சியவனுக்கு அதுவே பாரமாக இருந்தது.

"உங்க அப்பா நாலு ஊருக்கு மாறினாரு" என்றார் மெல்ல. "நாலு தடவையும் நான் மாற்றல் வாங்கிக்கிட்டுப் பின்னாடியே போனேன். எல்லா எக்ஸ்சேஞ்சுலயும் புது ஆளுன்னு என்னைக் கடைசி நாற்காலியில உக்கார வெச்சாங்க. சிரிச்சாங்களான்னு கேக்கறியா? யாரும் சிரிக்கல. யாரும் பாக்கவே இல்ல."

அவன் தலை நிமிர்ந்தது. இதை அவன் இதுவரை கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதும் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நாளைக்குக் காலையில முதல் விமானத்துல போறேம்மா. நேர்ல சொல்லிடறேன்."

"வேண்டாம். நாப்பது நிமிஷத்துல போய் எறங்கினா, நல்லதா ஒரு சாக்குத்தான் யோசிச்சு வெச்சிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? இப்போ போ. ரோட்டுல போ. மலையைச் சுத்திக்கிட்டுப் போ. போற வழியெல்லாம், நீ அவகிட்ட என்ன பண்ணினேன்னு யோசிச்சுக்கிட்டே போ."

"கம்பெனில அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டிருந்தா?"

"போட்டிருந்தா அதையும் அவகிட்ட சொல்லு."

"நீங்க?"

"எனக்கு டாக்சி கெடைக்கும். எறங்கிக்கறேன். கதவைத் தொற."

அவர் இறங்கி, பையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பாராமல் வாடகை வண்டிகள் நிற்கும் பக்கம் நடந்தார். தானும் அந்த ஊருக்கு வருவதாகவோ, வரமாட்டேன் என்றோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மகனுக்குத் தோன்றியது.

கார் விமான நிலையச் சாலையைக் கடந்தது. வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது, அதையும் கடந்தது. மலைச்சாலை பிரியும் இடத்தில் கைப்பேசி அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தான்.

"எனக்கு இங்கே ஆஸ்பத்திரி விடுதியிலயே ரூம் குடுத்துட்டாங்க. அத்தை வந்து சேந்தாங்களா?" மருமகளின் குரல் களைத்திருந்தது. களைப்புக்கு அடியில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதை அவள் அவனிடமிருந்து மறைக்கப் பார்த்தாள். தன் மகிழ்ச்சியைக் கணவனிடமே மறைக்கும் நிலைக்கு அவளைக் கொண்டு வந்தது யார் என்று அவன் முதல் முறையாகக் கேட்டுக்கொண்டான்.

"சேந்தாங்க."

"கோவமா இருக்கீங்களா?"

"இல்ல."

"வண்டிச் சத்தம் கேக்குது. வீட்டுக்குப் போயிட்டு இருக்கீங்களா?"

எதிரே சாலை இருண்டு, ஏறி, வளைந்து கிடந்தது.

"இல்ல. தூங்கிடாதே" என்றான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டதுக்கு அப்புறம் கதவைத் தொறக்கணுமா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும்."